அதிகாரத்துக்கு வெளியே நின்று படித்தவர்கள்

உட்ரோ வில்சன் 1886இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களில் அந்தப் பட்டம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அவருடைய துறை அரசியல் அறிவியல். அடுத்த ஆண்டே நிர்வாகவியல் பற்றி அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் பொது நிர்வாகம் என்ற பாடத்தை நம்முடைய கல்லூரிகளில் இன்றும் தொடங்குகிறார்கள். கட்சி அரசியல் வேறு, நிர்வாகம் வேறு. நிர்வாகம் தகுதியின் பேரில், சார்பில்லாமல் நடக்க வேண்டும் என்பது அந்தக் கட்டுரையின் சாரம். பேராசிரியராக இருந்து, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராகி, அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்துக்கும் தலைமை வகித்து, அதன் பிறகு 1913இல் வெள்ளை மாளிகைக்குப் போனார்.

போன சில மாதங்களுக்குள் அஞ்சல் துறையிலும் கருவூலத் துறையிலும் கறுப்பின ஊழியர்கள் பிரித்து வைக்கப்பட்டார்கள். தனிச் சாப்பாட்டு அறை, தனிக் கழிப்பறை, சில அலுவலகங்களில் மேசைகளுக்கு நடுவே தட்டி. அமைச்சர்கள் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டை வில்சன் அனுமதித்தார், எதிர்த்துக் கேட்டவர்களிடம் நியாயப்படுத்தவும் செய்தார். 1914 முதல் மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் புகைப்படம் இணைக்க வேண்டும் என்றானது. 1883இல் வந்த போட்டித் தேர்வு முறையின் வழியாகத்தான் கறுப்பின இளைஞர்கள் பலர் அரசு வேலைக்குள் நுழைந்திருந்தார்கள். விடைத்தாளில் நிறம் தெரியாது. புகைப்படத்தில் தெரியும். தகுதி நிர்வாகத்துக்கு இலக்கணம் எழுதியவரின் ஆட்சியிலேயே அந்த இலக்கணம் உடைந்தது.

1949இல் வாஷிங்டனில் இன்னொரு அரசியல் அறிவியல் அறிஞருக்கு உயர்ந்த பதவி ஒன்று தேடி வந்தது. குடியரசுத் தலைவர் ட்ரூமன், ரால்ஃப் பன்ச் என்பவரை வெளியுறவுத் துறையின் உதவிச் செயலாளராக அழைத்தார். கறுப்பினத்தவர் ஒருவருக்கு அதுவரை கிடைத்திராத இடம். பன்ச் மறுத்துவிட்டார். இன ஒதுக்கல் நடைமுறையில் இருக்கும் தலைநகரத்துக்குத் தன் குடும்பத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன காரணம். முன்பு அங்கே குடியிருந்தபோது, பக்கத்திலிருந்த பள்ளி வெள்ளையருக்கு மட்டும் என்பதால் அவருடைய மகள்கள் தொலைவிலிருந்த பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, வில்சன் வகித்த அதே சங்கத் தலைமைக்குப் பன்ச் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இருவரும் படித்தது ஒரே துறை. ஒருவர் எழுப்ப அனுமதித்ததைப் போன்ற சுவருக்கு மற்றவருடைய பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். அரசியல் அறிவியல் படித்தால் நல்ல குடிமக்கள் உருவாகிவிடுவார்கள் என்று பட்டமளிப்பு விழாக்களில் பேசுகிறவர்கள் இந்த இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படிப்பு மனிதரை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு, யாரை என்ன செய்கிறது என்று பிரித்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். அதிகாரத்துக்கு உள்ளே பிறந்தவருக்கு இந்தப் படிப்பு தன் இடத்தை விளக்கிக்கொள்ள ஒரு மொழியைத் தருகிறது. வெளியே நின்றவருக்கோ, தன்னை வெளியே நிறுத்திய ஏற்பாடு மனிதர்கள் எழுதிய விதிகளால் ஆனது, அவற்றைத் திருத்தவும் முடியும் என்ற தெளிவைத் தருகிறது. இரண்டாவது பயன்தான் பெரியது என்பது என் முடிவு. அதற்கான சான்றுகளைப் பார்ப்போம்.

பன்ச் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து லாஸ் ஏஞ்சலீஸில் பாட்டியிடம் வளர்ந்தவர். துப்புரவு வேலை செய்துகொண்டே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்து, 1927இல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். ஹார்வர்டில் 1934இல் முனைவர் பட்டம். அமெரிக்காவில் அரசியல் அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்தது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து எடுக்கப்பட்ட குடியேற்ற நாடுகளை வென்ற நாடுகள் நேரடியாகத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளவில்லை. உலக நாடுகள் சங்கத்தின் சார்பில், அந்த மக்களின் நலனுக்காக, பொறுப்பேற்று ஆள்வதாகக் கூறின. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோலாந்தின் பெரும்பகுதி அப்படிப் பிரான்சிடம் வந்தது. அதை ஒட்டியிருந்த டஹோமி பழைய பாணியில் பிரான்சின் நேரடிக் குடியேற்ற நாடு. ஆள்வது ஒரே அரசு, அண்டை நிலங்கள், சட்டத்தில் மட்டும் இரண்டு வெவ்வேறு நிலை. இந்தச் சட்ட வேறுபாடு அங்கே வாழ்கிறவருக்கு ஏதாவது மாற்றத்தைத் தந்ததா? பன்ச் 1932இல் நேரில் போய்ப் பார்த்தார். வரி எப்படி வசூலாகிறது, கட்டாய உழைப்பு எப்படி வாங்கப்படுகிறது, பள்ளிக்கூடம் யாருக்கு, ஊர்த் தலைவரை யார் நியமிக்கிறார்கள் என்று தேடினார். நடைமுறையில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அவர் கண்டது. மேற்பார்வை என்பது ஆள்கிற நாடு தானே எழுதி அனுப்பும் அறிக்கையைப் படிப்பதாக இருந்தது. குறை சொல்ல விரும்பும் உள்ளூர்க்காரர் அதே ஆள்கிற நாட்டின் வழியாகத்தான் மனுவை அனுப்ப வேண்டும்.

இந்த ஆய்வு ஹார்வர்டில் பரிசு வாங்கியது. நூலக அலமாரியில் தூங்கப் போகும் ஆய்வுகளில் ஒன்றாகவே அதுவும் முடிந்திருக்கலாம். ஆனால் 1945இல் ஐக்கிய நாடுகள் சாசனத்தை எழுத சான் பிரான்சிஸ்கோவில் கூடியபோது, அமெரிக்கக் குழுவில் குடியேற்ற நாடுகளைப் பற்றி ஆழ்ந்து அறிந்தவராகப் பன்ச் இருந்தார். சாசனத்தில் தன்னாட்சி இல்லாத நிலப்பகுதிகள் பற்றியும் பொறுப்பாட்சி முறை பற்றியும் பேசும் அத்தியாயங்களில் அவருடைய கை உண்டு. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடையில் முக்கியமான மாற்றம் 87ஆம் விதியில் இருக்கிறது. பொறுப்பாட்சி மன்றம் மக்களிடமிருந்து மனுக்களைப் பெறலாம், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நேரில் சென்று பார்க்கலாம். டோகோவிலும் டஹோமியிலும் இளம் ஆய்வாளராக அவர் பார்த்த ஓட்டையை அடைக்கும் விதி இது.

1947இல் அந்த மன்றத்தின் முன் எவே மக்களின் சார்பில் ஒருவர் நேரில் வந்து வாதாடினார். பெயர் சில்வானஸ் ஒலிம்பியோ. ஊர் டோகோலாந்து. பின்னாளில் சுதந்திர டோகோவின் முதல் குடியரசுத் தலைவர் அவர்தான். அவர் வாதாடிய நாளில் ஐ.நா. செயலகத்தின் பொறுப்பாட்சித் துறையை நடத்திக்கொண்டிருந்தவர் பன்ச். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தன் ஆய்வுக்காகச் சுற்றிய நிலத்திலிருந்து ஒரு மனுதாரர் எழுந்து நின்று பேசுவதற்கு இடமும் விதியும் உருவாகியிருந்தன. ஒரு முனைவர் பட்ட ஆய்வு எட்டிய இவ்வளவு தெளிவான பயனை நான் வேறெங்கும் அதிகம் படித்ததில்லை.

பன்ச்சின் புகழ் வேறொன்றால் வந்தது. பாலஸ்தீனத்தில் சமரசம் பேசச் சென்ற ஐ.நா. தூதர் பெர்னடாட் 1948 செப்டம்பரில் எருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பொறுப்பு பன்ச்சிடம் வந்தது. ரோட்ஸ் தீவில் ஒரு ஹோட்டலில் எகிப்தியரையும் இஸ்ரேலியரையும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பேசி, 1949 பிப்ரவரி 24 அன்று போர்நிறுத்த உடன்பாட்டில் கையெழுத்து வாங்கினார். லெபனான், ஜோர்டான், சிரியா ஆகிய நாடுகளோடும் அதே ஆண்டில் உடன்பாடுகள் ஏற்பட்டன. பெரிய கேள்விகளை ஒத்திவைத்து, கூட்டத்தின் நடைமுறை, பேச வேண்டிய பொருள்களின் வரிசை போன்ற சிறிய விஷயங்களில் முதலில் ஒப்புதல் வாங்குவது அவர் வழக்கம். ஒன்றில் ஒத்துக்கொண்டவர்கள் அடுத்ததிலும் ஒத்துக்கொள்ளப் பழகுவார்கள் என்று கணக்குப் போட்டார். 1950இல் அமைதிக்கான நோபல் பரிசு. அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 1965இல் உடல் நலம் குன்றியிருந்த நிலையிலும் அலபாமாவில் மார்ட்டின் லூதர் கிங்கோடு வாக்குரிமைக்கான பேரணியில் நடந்தார். உலக அமைப்பில் உயர்ந்த பதவி வகித்த அதிகாரி ஒருவர் தன் சொந்த நாட்டில் வாக்குரிமை கேட்டுத் தெருவில் நடந்தது, அவருக்குத் தொழிலும் குடிமைப் பொறுப்பும் பிரிந்திருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

தனி மனிதர்களின் கதையை வைத்துப் பொது முடிவுக்கு வரக் கூடாது என்று யாராவது சொன்னால் அது நியாயமான ஆட்சேபம். அதனால் கணக்கெடுத்துப் பார்த்தவர்களிடம் போவோம்.

பள்ளியில் குடிமையியல் படிப்பது மாணவரின் அரசியல் அறிவையும் ஈடுபாட்டையும் வளர்க்கிறதா என்பதை அமெரிக்காவில் கென்னத் லாங்டன், கென்ட் ஜென்னிங்ஸ் ஆகிய இருவர் ஆராய்ந்தார்கள். 97 பள்ளிகளில் இறுதியாண்டு படித்த 1,669 மாணவர்களை 1965இல் சந்தித்துத் திரட்டிய தரவு. கட்டுரை 1968இல் வெளிவந்தது. முடிவு ஆசிரியர்களுக்கு அதிர்ச்சி தந்தது. வெள்ளையின மாணவர்களிடம் பாடத்தால் கிட்டத்தட்ட எந்த மாற்றமும் இல்லை. பெரும்பாலான வாசகர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொண்டு, குடிமையியல் பாடம் வீண் என்று பல ஆண்டுகள் மேற்கோள் காட்டிவந்தார்கள். அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருந்தது. கறுப்பின மாணவர்களிடம் அந்தப் பாடம் மாற்றத்தை உண்டாக்கியிருந்தது. அவர்களுடைய அரசியல் அறிவு கூடியிருந்தது; அரசைத் தங்களால் அசைக்க முடியும் என்ற நம்பிக்கையும் வளர்ந்திருந்தது. ஆய்வாளர்கள் தந்த விளக்கம் எளிமையானது. வெள்ளையின நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் செய்திகள் சாப்பாட்டு மேசையிலும் செய்தித்தாளிலும் முன்பே கிடைத்துவிட்டன. பாடம் அவற்றையே திருப்பிச் சொன்னது. மற்றவர்களுக்கு வகுப்பறைதான் முதல் இடம்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், நெயுண்டார்ஃப், நீமி, ஸ்மெட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் போகிறது. அரசியல் பேசாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் குடிமைக் கல்வி அந்தக் குறையை ஈடுகட்டுகிறது என்பது அவர்கள் கண்டது.

கல்லூரிப் படிப்பைப் பற்றி சன்ஷைன் ஹிலிகஸ் 2005இல் செய்த ஆய்வு உண்டு. பட்டதாரிகளில் சமூக அறிவியல் பாடங்களை அதிகம் படித்தவர்கள் பிற்காலத்தில் அரசியலில் அதிகம் பங்கேற்கிறார்கள் என்று அது காட்டுகிறது. இதில் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்கக் கூடாது. அரசியலில் நாட்டம் உள்ளவர்தானே அரசியல் அறிவியலில் சேர்கிறார்? அப்படியென்றால் பங்கேற்பு படிப்பால் வந்ததா, பிறவி ஆர்வத்தால் வந்ததா? ஆய்வாளர்கள் இன்னும் இதில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாகப் பொருந்தாது. இங்கே பலர் ஆர்வத்தால் இந்தப் பாடத்தை எடுப்பதில்லை. வணிகவியலிலும் கணினியிலும் இடம் கிடைக்காமல்தான் வந்து சேர்கிறார்கள்.

இந்தியாவைப் பொறுத்தவரை இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். மேற்கில் படிப்பு கூடினால் வாக்களிப்பும் கூடும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த விதி. வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் தேர்தல் ஆய்வுகளை வைத்து யோகேந்திர யாதவ் 1990களின் தேர்தல்களை அலசியபோது இங்கே அந்த விதி தலைகீழாக இருந்தது. தலித் மக்கள், ஏழைகள், கிராமத்தார் ஆகியோர் வசதி படைத்தவர்களுக்குக் குறையாமல், பல இடங்களில் கூடுதலாகவே, வாக்குச் சாவடிக்கு வந்தார்கள். ஆகவே வாக்களிக்கக் கற்றுத்தர நமக்குப் பட்டப் படிப்பு தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கே வாக்கின் மதிப்பு தெரியும். வாக்களித்த மறுநாளிலிருந்து அடுத்த தேர்தல்வரை என்ன செய்வது என்பதில்தான் நமக்குப் போதாமை இருக்கிறது. படிப்புக்கு வேலை இருப்பதும் அங்கேதான்.

நம்முடைய நாட்டில் இந்தத் துறையின் உதாரணங்களைத் தேடினால் முதலில் நிற்பவர் அம்பேத்கர். பம்பாயில் பொருளாதாரமும் அரசியல் அறிவியலும் படித்து 1912இல் பட்டம் பெற்றார். 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மனிடம் பொது நிதியும் ஜான் டூயியிடம் தத்துவமும் கற்றார். ஊர் திரும்பி, 1919 ஜனவரியில், வாக்குரிமையை வரையறுக்க வந்த சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்னபோது அவருக்கு வயது 27. தீண்டப்படாதவர்களின் துயரத்தைச் சொல்லி இரக்கம் கேட்கவில்லை. சொத்துத் தகுதியை எவ்வளவு வைத்தால் யார் வாக்காளர் பட்டியலுக்குள் வருவார்கள், யார் வெளியே விழுவார்கள், சட்டமன்றத்தில் எத்தனை இடம் இருந்தால் குரல் கேட்கும் என்று வாதாடினார். மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1956இல், அரசியலுக்கு வர விரும்புவோருக்குப் பயிற்சிப் பள்ளி ஒன்றை பம்பாயில் தொடங்கினார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அரசியல் கற்பிக்கப்பட வேண்டிய பாடம் என்ற நம்பிக்கை கடைசிவரை அவரிடம் இருந்தது.

அம்பேத்கரைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. நான் அதிகம் பேச விரும்புவது கே.ஆர். நாராயணனைப் பற்றி.

கோட்டயத்தை அடுத்த உழவூரில், தீண்டப்படாதவர்களாக வைக்கப்பட்டிருந்த பரவன் சமூகத்தில், ஓலைக் குடிசையில் பிறந்தவர். தினமும் பல கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போனார். கட்டணம் கட்ட முடியாத நாட்களில் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றுத் தேறி, சிறிது காலம் பத்திரிகையாளராக இருந்து, டாடா உதவித்தொகையில் 1945இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். அங்கே ஹெரால்ட் லாஸ்கியின் மாணவர். அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்துகிடப்பது ஆபத்து, அது பல அமைப்புகளில் பகிர்ந்திருக்க வேண்டும் என்பது லாஸ்கி நெடுநாள் கற்பித்த கருத்து. நாடு திரும்பும்போது நேருவுக்கு ஒரு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். நேருவிடம் பேசி முடித்து எழுந்து புறப்படும்போதுதான் நாராயணன் அதை நீட்டினார். வாசலை நோக்கி நடந்தவரை நேரு திரும்ப அழைத்தார். ஏன் முதலிலேயே தரவில்லை என்று கேட்டார். சற்று நேரத்தில் வெளியுறவுப் பணிக்கான வழி திறந்தது. 1949இல் பணியில் சேர்ந்தார்.

சீனாவோடு தூதர் நிலையிலான உறவு மீண்டபோது 1976இல் அங்கே தூதர், பிறகு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், அமெரிக்காவுக்குத் தூதர், ஒற்றப்பாலத்திலிருந்து மூன்று முறை மக்களவை உறுப்பினர். 1997 ஜூலை 25 அன்று குடியரசுத் தலைவர். இந்தப் பட்டியலைப் பதவிகளின் ஏணியாக மட்டும் படித்தால் படிப்பு அவருக்கு என்ன தந்தது என்று தெரியாது. அது தெரிந்தது 1997 அக்டோபரில்.

உத்தரப் பிரதேச சட்டமன்றத்தில் அடிதடிக்கு நடுவே முதல்வர் கல்யாண் சிங் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றிருந்தார். ஆளுநரின் அறிக்கையை வைத்து, அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. அதற்கு வழிசெய்யும் அரசமைப்பின் 356ஆம் பிரிவு எப்படிப் பயன்படும் என்பது தமிழர்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் கிடையாது. 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் அந்தப் பிரிவால் கவிழ்ந்தன. அந்தப் பிரிவையே நீக்கிவிட வேண்டும் என்று 1971இல் அறிக்கை தந்தது தமிழ்நாடு அரசு அமைத்த ராஜமன்னார் குழு. 1997வரை எந்தக் குடியரசுத் தலைவரும் அப்படியொரு பரிந்துரையைத் திருப்பி அனுப்பியதில்லை. நாராயணன் அனுப்பினார். 44ஆவது திருத்தத்தால் 74ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட ஒரு வரி, அமைச்சரவையின் ஆலோசனையை மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்பலாம் என்கிறது. பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும் என்று 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்துத் தன் முடிவை எடுத்தார். அமைச்சரவை பரிந்துரையை வலியுறுத்தாமல் விட்டுவிட்டது. அடுத்த ஆண்டு பீகாரில் ராப்ரி தேவி அரசைக் கலைக்க வாஜ்பாய் அமைச்சரவை பரிந்துரைத்தபோதும் அதையே செய்தார். முதல் முறை பயன் பெற்றது பாஜக முதல்வர், இரண்டாம் முறை பாஜகவின் எதிர்த்தரப்பு. யார் பயனடைகிறார் என்பதை அவர் பார்க்கவில்லை, விதி என்ன சொல்கிறது என்பதைப் பார்த்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தன் முடிவுகளுக்கான காரணத்தை அறிக்கையாக வெளியிட்டு மக்களுக்குச் சொன்னார் என்பதையும் குறிப்பிட வேண்டும். 1998 தேர்தலில் வரிசையில் நின்று வாக்களித்தார். பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் பொதுத் தேர்தலில் வாக்களித்தது அதுவே முதல் முறை. அரசமைப்பை மறுஆய்வு செய்யப் போவதாகப் பேச்சு எழுந்த நேரத்தில், 2000 ஜனவரி 27 அன்று நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில், அரசமைப்பு நம்மைக் கைவிட்டதா அல்லது நாம் அரசமைப்பைக் கைவிட்டோமா என்ற கேள்வியை எழுப்பினார். 74ஆம் பிரிவின் அந்த ஒரு வரி இன்று போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட ஒருவர் அதைக் கையில் எடுத்தபோது ஒரு மாநில அரசு காப்பாற்றப்பட்டது.

வகுப்பறையிலிருந்து தெருவுக்கு வந்த பேராசிரியர்களும் உண்டு. ரஜினி கோத்தாரி 1963இல் வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தை நிறுவினார். காங்கிரஸ் என்ற கட்சியை ஒரு முறைமையாகப் பார்த்து அவர் எழுதியதைத் தவிர்த்து இந்திய அரசியலை இன்றும் படிக்க முடியாது. நெருக்கடிநிலைக்குப் பின் அவருடைய பாதை மாறியது. மக்கள் இயக்கங்களோடு லோகாயன் என்ற முயற்சியைத் தொடங்கினார். மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் தலைவராக அவர் இருந்தபோது, 1984 நவம்பரில் தில்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டதும், அந்தக் கழகம் உட்பட இரண்டு உரிமை அமைப்புகள் சேர்ந்து விசாரித்துக் குற்றவாளிகள் யார் என்று கேட்கும் அறிக்கையைச் சில நாட்களிலேயே வெளியிட்டன. அதற்குப் பொறுப்பேற்றவர்களில் அவரும் ஒருவர். ஆட்சியாளர்களுக்கு நெருக்கமாக இருந்த அறிஞர் ஒருவர் அந்த நெருக்கத்தைக் கைவிட்டுச் செய்த வேலை அது.

இனி பெற்றோர் கேட்கும் கேள்விக்கு வருவோம். பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? நேர்மையான பதில்: இந்தப் பட்டத்தின் பெயரைப் போட்டு நேரடியாகக் கூப்பிடும் வேலைகள் குறைவு. கல்லூரி ஆசிரியர் பணிக்கு முதுகலையும் தகுதித் தேர்வும் வேண்டும். வழக்கறிஞராக மூன்றாண்டு சட்டப் படிப்பு வேண்டும். குடிமைப் பணித் தேர்வில் அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் விருப்பப் பாடமாக 500 மதிப்பெண். பொது அறிவின் இரண்டாம் தாளில் பெரும்பகுதி இதே பாடம். 2005இல் தொடங்கிய பிஆர்எஸ் போன்ற சட்டமன்ற ஆய்வு நிறுவனங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உதவியாளர்களை அனுப்புகின்றன. தேர்தல் கணிப்பு, பத்திரிகை, தொண்டு நிறுவனங்கள், கொள்கை ஆய்வு என்று வேறு வழிகளும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இன்னொரு தகுதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை முதல் ஆண்டிலேயே மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் தெரியவந்தால் அது அநியாயம்.

ஆனால் போட்டித் தேர்வே பாடத்தின் ஒரே நோக்கமாக ஆகிவிட்டது என்பது என் வருத்தம். பிரிவு எண், திருத்த எண், ஆண்டு, குழுவின் பெயர் என்று நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் அளவுக்கு அது சுருங்கிவிட்டது. பள்ளியிலும் இதே கதைதான். சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாறும் புவியியலும் முடிந்த பிறகு குடிமையியல் வருகிறது. தேர்வு நெருங்கும் நேரத்தில் வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். 28 நாடுகளில் 14 வயது மாணவர்கள் ஏறத்தாழ 90,000 பேரிடம் 1999இல் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, வகுப்பில் மாறுபட்ட கருத்தைத் தயங்காமல் பேச இடம் இருக்கும்போதுதான் குடிமை அறிவும் ஈடுபாடும் வளர்கின்றன என்று காட்டியது. நம் வகுப்பறைகளில் கேள்வி கேட்கும் மாணவருக்கு என்ன பெயர் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பாடம் என்ன செய்யக்கூடும் என்பதைப் பார்க்க ஒரு கிராம சபைக்குப் போனால் போதும். பள்ளி வளாகத்திலோ ஆலமரத்தடியிலோ பந்தல் போட்டிருப்பார்கள். ஊராட்சிச் செயலாளர் வரவு செலவை ஒரே மூச்சில் வாசித்துவிடுவார். தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை, சாலை போடவில்லை என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். நிதி இல்லை என்று பதில் வரும். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, தேநீர், கலைதல்.

அந்தக் கூட்டத்தில் அரசியல் அறிவியல் படித்த ஒரு பெண் இருந்து, எந்த நிதி இல்லை என்று கேட்டால் பேச்சு மாறும். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. தெருவிளக்குக்கு அதிலிருந்து எடுக்க முடியாது. மீதி 40 சதவீதத்தில் என்ன செலவானது? மாநில நிதிக்குழு மானியம் எவ்வளவு வந்தது? நாம் இப்போது சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா? 73ஆவது திருத்தம் 29 பொருள்களை ஊராட்சிகளுக்குத் தரலாம் என்கிறது. அவற்றில் எது உண்மையில் நம் ஊராட்சியின் கையில் இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு முன் செயலாளர் காகிதங்களைத் திரும்பப் புரட்டித்தான் ஆக வேண்டும். தலைவரைத் திட்டுவதாலும் கெஞ்சுவதாலும் நடக்காதது, விதியைத் தெரிந்து கேட்பதால் நடக்க வாய்ப்பு உண்டு. டோகோவில் பன்ச் கேட்டதும் சவுத்பரோ குழுவிடம் அம்பேத்கர் எழுப்பியதும் இதே வகைக் கேள்விகளைத்தான்.

தமிழ்நாட்டின் அரசு கலைக் கல்லூரிகளில் இன்று இந்தத் துறையில் சேர்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். விவசாயக் கூலிகளின் பிள்ளைகள், தலித் பிள்ளைகள், காலையில் செய்தித்தாள் வராத வீட்டுப் பிள்ளைகள். லாங்டனும் ஜென்னிங்ஸும் கண்ட முடிவை நம்பினால், இந்தப் பாடத்தால் அதிகம் பெறப் போகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குக் கிடைப்பதோ பழைய குறிப்புகளின் ஒளிநகல். பல இடங்களில் நிரந்தர ஆசிரியர்கூட இல்லாமல் கௌரவ விரிவுரையாளர்களின் குறைந்த சம்பள உழைப்பில் துறை ஓடுகிறது. இடம் கிடைக்காதவர்கள் வந்து சேரும் துறை என்று அரசும் கல்லூரி நிர்வாகங்களும் இதை நடத்துவது பெரும் தவறு.

காலிப் பணியிடங்களை நிரப்புவது அரசின் பொறுப்பு. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகக் காத்திராமல் ஆசிரியர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. மூன்றாண்டுப் படிப்பில் பதினெட்டு வாய்ப்புகள். ஒவ்வொரு மாணவரும் தன் ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து, அங்கே வாசிக்கப்படும் கணக்கைக் கேட்டு எழுதிவந்து வகுப்பில் விவாதிக்கட்டும். அதற்கு உள்மதிப்பீட்டில் மதிப்பெண் கொடுங்கள்.